தகரமும் துவக்கும்

என் பாட்டி கடைசிவரை 'துப்பாக்கி' என்று சொன்னதில்லை. 'தொவக்கு' என்றுதான் சொல்வார். இலங்கையின் பதுளை மாவட்டம், பசறைக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்தவர். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் அவரைத் தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பலில் ஏற்றி, ராமேசுவரம் வழியாகக் கோத்தகிரி அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டது. வீட்டுப் பின்புறம் காட்டுமாடு வந்துவிட்டால் நாங்கள் வனத்துறைக்குப் போன் செய்வோம். பாட்டி பழைய எண்ணெய்த் தகரத்தை எடுத்து விறகுக் கட்டையால் தட்டுவார். "தோட்டத்துக்கு ஒரு தொவக்கு, காம்பராவுக்கு ஒரு தகரம்" என்பார். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு, பதுளை இருக்கும் ஊவா மாகாணத்துக்குப் புறப்பட்டேன்.

அப்புத்தளை

இதல்கஸ்ஹின்ன தாண்டியதும் ரயிலுக்கு இரண்டு பக்கமும் மலை சரிந்து இறங்குகிறது. இடது பக்கம் உருளைக்கிழங்குப் பாத்திகள், வலது பக்கம் நீலமாகக் கரைந்து போகும் தென்சமவெளி. எங்கள் கோடநாட்டு முனையில் நின்று மாயாற்றுப் பள்ளத்தாக்கைப் பார்ப்பதுபோல் இருந்தது. ஆனால் அங்கே ஒரு பக்கம்தான் ஆகாயம். இங்கே ரயிலே ஆகாயத்தின் நடுவில் ஓடுகிறது.

அப்புத்தளையில் பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் மூடுபனி கடைவீதிக்குள் புகுந்துவிட்டது. தேத்தண்ணிக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த ஊரின் மின்னலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். பேச்சு நேராக மேஜர் ரோஜர்ஸிடம் போய் நின்றது.

தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் சிலோன் ரைபிள் படைப்பிரிவின் அதிகாரி. பதுளையில் உதவி அரசாங்க அதிபராகவும் நீதிபதியாகவும் இருந்தவர். அவர் சுட்டுக் கொன்ற யானைகள் 1,400க்கு மேல். எமர்சன் டென்னன்ட் 1859இல் எழுதிய இலங்கை நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. இலங்கை ஆண் யானைகளில் மிகச் சிலவற்றுக்கே தந்தம் உண்டு. ஆகவே அந்த 1,400இல் பெரும்பாலானவை தந்தத்துக்காக விழுந்தவை அல்ல. அந்தக் காலத்தில் அரசாங்கமே தலைக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுத்தது. வடக்கில் ஒரு பகுதியில் மட்டும் மூன்று வருஷத்துக்குள் 3,500 யானைகளுக்குச் சன்மானம் வாங்கியிருக்கிறார்கள். கோப்பிப் பயிருக்காகக் காடு திறந்துகொண்டிருந்த நேரம். காட்டைத் திறப்பதும் யானையை விழுத்துவதும் ஒரே வேலையின் இரண்டு கைகள்.

1845 ஜூன் 7. அப்புத்தளையில் இடி மழை. ஒதுங்கியிருந்த ரோஜர்ஸ் வெளியே காலெடுத்து வைத்தபோது மின்னல் தாக்கி அந்த இடத்திலேயே இறந்தார். நுவரெலியாவில் அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறைமேலும் மின்னல் விழுந்து கல் பிளந்தது என்பது மலைநாடு முழுக்கச் சொல்லப்படும் கதை.

"பாவம் விடாது தம்பி. கல்லுக்குள்ள போனாலும் விடாது" என்றார் ஆசிரியர். கடைக்காரப் பெண் பருப்பு வடைத் தட்டை எங்கள் நடுவில் வைத்துவிட்டு, ரோஜர்ஸை அடுத்த தெருக்காரரைப் போல, "அந்த மனுசன் ஆனையோட குட்டியையும் விடலையாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

தியத்தலாவை

அடுத்த நிலையம் தியத்தலாவை. காலையில் அங்கே இறங்கியபோது, பைன் மரங்களுக்கு அப்பாலிருந்து சீரான இடைவெளியில் வெடிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. ராணுவத்தின் சுடுதிடல். தண்டவாளத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இந்தப் புல்மேடுகளில்தான் 1900இல் தென்னாப்பிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் சுமார் 5,000 பேரை வெள்ளையர் அடைத்து வைத்தார்கள். அதே வருஷத்தில் தொடங்கியது 'சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர்', தோட்டத் துரைமாரின் துப்பாக்கிப் படை. அதில் சேர ஐரோப்பியராக இருக்க வேண்டும். 1914 அக்டோபரில் மேஜர் ஹால் பிரவுன் தலைமையில் 8 அதிகாரிகளும் 229 வீரர்களும் எகிப்துக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் கலிப்பொலி வரை போனவர்கள். 1949இல் அந்தப் படை கலைக்கப்பட்டது.

இதை வெறும் போர்க் கதையாக என்னால் படிக்க முடியவில்லை. அரை நூற்றாண்டு காலம், தேயிலை மலையில் பேர் போடுகிறவரும், சம்பளம் வெட்டுகிறவரும், லயத்தை விட்டுப் போ என்று சொல்கிறவரும் குறி பார்த்துச் சுடப் பழகிய ஒருவராக இருந்திருக்கக் கூடும். அவருக்கு முன்னால், காலையில் பேர் எடுக்கும் பிரட்டுக் களத்தில் நின்றவர்களுக்குக் கையில் கவ்வாத்துக் கத்தி மட்டும்.

நான் பார்த்த இன்னொரு மலைநாடு குடகு. கோத்தகிரியிலிருந்து ஒரு நாள் வழிதான். அங்கே கொடவர்களுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் வேண்டாம். வெள்ளையர் காலத்திலிருந்து விலக்கு. ஆண்பிள்ளை பிறந்தால் வானத்தைப் பார்த்து வெடி, செப்டம்பரில் கயில்பொழுது அன்று துப்பாக்கிக்குப் பூச்சூட்டிப் பூசை. அங்கே துப்பாக்கி குடும்பச் சொத்து. காரணம், நிலம் குடும்பத்துடையது. காப்பியும் மிளகும் ஏலமும் அதே மழையில்தான் வளர்கின்றன. நிலத்தின் உறுதி யார் பெட்டியில் இருக்கிறதோ, துப்பாக்கியும் அவர் வீட்டுச் சுவரில்தான் தொங்குகிறது.

பதுளை

1924இல் ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது. அதற்கு அப்பால் தண்டவாளம் இல்லை. மேலே இருந்த குளிர் இங்கே இல்லை. மலைகள் கிண்ணம்போல் சூழ்ந்திருக்க, நடுவில் வெயிலும் சந்தையும் முதியங்கணை விகாரையின் வெள்ளைத் தூபியும். மத்தியானம் ஒரு சின்னக் கடையில் சோறு, ஈரப்பலாக்காய்ப் பால்கறி, நெத்திலிப் பொரியல், காரமான அச்சாறு. கடைக்காரம்மா நான் இந்தியா என்று தெரிந்ததும் இன்னொரு கரண்டி சோறு வைத்துவிட்டு, "அங்க எங்க ஆளுக எப்பிடி இருக்காங்க?" என்று கேட்டார். கூடலூர், கோத்தகிரி, வால்பாறை என்று பெயர் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய பெரியப்பா குடும்பம் போனது எந்த ஊருக்கு என்பது அவருக்குத் தெரியவில்லை.

புனித மாற்கு ஆலயம் ஊரின் நடுவிலேயே இருக்கிறது. ரோஜர்ஸின் நினைவாக அவருடைய நண்பர்கள் எழுப்பியது. உள்ளே அவர் பெயரும், அப்புத்தளையும், அந்த ஜூன் 7ஆம் தேதியும் பொறித்த பலகை. மரப் பெஞ்சுகள் மெழுகு வாசனையோடு குளிர்ந்திருந்தன. அமைதியான, அழகான கோயில். அதற்குள் நிற்கும்போது 1,400 என்ற எண்ணை மறக்க முடியவில்லை.

ஊவாவில் துவக்குக் கதை ரோஜர்ஸுக்கும் முந்தியது. 1817 செப்டம்பரில், பிபிலைப் பக்கம் கலகத்தை விசாரிக்கப் போன உதவி அதிபர் சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சன் அம்பு பட்டு இறந்தார். கலகத்தை அடக்க வெள்ளையர் ஆளும் ஆயுதமும் கொடுத்து அனுப்பியவர் ஊவாவின் திசாவை, அதாவது மாகாண அதிகாரி, கெப்பட்டிப்பொல. அவர் போன இடத்தில் கிளர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். ஆனால் தன்னிடம் கொடுத்த துவக்குகளை வெள்ளையரிடமே திருப்பி அனுப்பிவிட்டார். அவர்கள் ஆயுதத்தாலேயே அவர்களை அடிப்பது முறையல்ல என்று நினைத்திருக்கிறார். 1818 நவம்பரில் கண்டி போகம்பரையில் அவர் தலை வெட்டப்பட்டது. இந்த மாகாணத்தில் துவக்கைப் பற்றி யாரிடம் கேட்டாலும், சிங்களவரோ தமிழரோ, இந்தத் திருப்பி அனுப்பிய கதையை நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்கள். கேட்க எனக்கும் பெருமையாக இருந்தது.

இப்போதைய சட்டத்தின் அடி 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம். உரிமம் வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பயிர் காக்க என்று கேட்டால் கிடைக்கக் கூடியது பெரும்பாலும் பன்னிரண்டு போர் சொட்கன். மாவட்ட நிர்வாக அலுவலகமான கச்சேரிக்கு எதிரே மனு எழுதித் தரும் ஒருவரிடம், தோட்டத்து ஆட்கள் இதற்கு மனு எழுதக் கேட்டு வருவார்களா என்று விசாரித்தேன். "முதல்ல காணி எவ்வளவுன்னு எழுதணும். அந்த எடத்துல என்னத்த எழுதுறது?" என்றார். இருநூறு வருஷமாக மலையைத் திருத்தியவர்களின் மனுவில் அந்தக் கட்டம் காலி.

வேவெஸ்ஸ

பதுளையை ஒட்டிய தோட்டம். தேயிலைக்கு நடுவில் முருங்கை மரங்கள் சிவப்பாகப் பூத்து நிற்க, பாதை வளைந்து ஏறுகிறது. இந்த முருங்கை கறிக்கு ஆகாது. நம் ஊரில் கலியாண முருங்கை என்போமே, அதன் இனம். பார்க்கப் பெரிதாக எதுவும் இல்லை. நான் அங்கே போனது 1940க்காக.

அந்த வருஷம் ஜனவரி 10ஆம் தேதி, ஹேவாஹெட்டப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தவர்கள்மேல் போலீஸ் சுட்டது. கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். போராட்டம் மலை தாண்டி ஊவாவுக்குள் இறங்கியது. மே மாதம் வேவெஸ்ஸயில் தொழிலாளர்கள் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்துதான் தோட்டத்தை நடத்துவேன் என்று துரை ஒப்புக்கொண்டார். ஒழுங்கை நிலைநாட்ட வந்த ஆயுதப் போலீசாரைத் தொழிலாளர்கள் சூழ்ந்து துவக்குகளைப் பறித்துக்கொண்டார்கள். இந்த நிகழ்ச்சியை இடதுசாரியான சமசமாஜக் கட்சியின் வரலாறு பதிவு செய்திருக்கிறது. பிறகு வெள்ளம் வந்து ஊவாவை ஒரு வாரத்துக்கு மேல் வெளியுலகத்திலிருந்து துண்டித்தது. போலீஸ் அடக்குமுறையும் சேர்ந்து போராட்டம் ஓய்ந்தது.

என் பாட்டி அப்போது கைக்குழந்தை. அவருடைய தகரக் கணக்கில் இந்த ஒரு நாள் சேரவில்லை. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த நான்கு பெண்களிடம் சொன்னேன். அவர்களும் கேள்விப்பட்டதில்லை. கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருவர், "போலீஸ் தொவக்கையா? இந்த மலையிலயா?" என்று இரண்டு முறை கேட்டார். மூத்தவர் சிரிக்கவில்லை. "பறிச்சுக்கிட்டு என்ன செஞ்சாங்க?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. கங்காணி குரல் கொடுத்தார். அவர்கள் கூடையை மறுபடி தலையில் மாட்டிக்கொண்டார்கள்.

பசறை

பாட்டி பிறந்த லயத்தில் இப்போது சொந்தம் என்று யாரும் இல்லை. ஆனால் அந்தத் தோட்டத்தில், பழைய பங்களா வாட்சர் ஒருவர் என்னைத் தன் காம்பராவில் இரண்டு இரவு தங்க வைத்தார். எழுபத்தெட்டு வயது. முதல் நாளே அவருக்கு நான் 'தம்பி', எனக்கு அவர் 'மாமா'. அத்தை தேங்காய் ரொட்டி தட்டி, கட்டசம்பல் வைத்து, பிளேன்டியோடு கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டித் துண்டு தந்தார். ரொட்டியின் அடி கருகிய வாசனையில் எங்கள் வீட்டு அடுப்படி அப்படியே வந்து நின்றது.

மாமாவின் தாத்தா வெள்ளைத் துரையின் வேட்டைக்கு நாய் பிடித்துப் போனவர். அப்பா பங்களாவில் துவக்குத் துடைத்தவர். மாமா அதே துவக்குக்குக் காவல் இருந்தவர். மூன்று தலைமுறை துவக்கோடு வாழ்ந்திருக்கிறது. ஒருவர் பெயரிலும் ஒரு நாளும் துவக்கு இருந்ததில்லை. ஆனால் அதைப் பற்றி அவருக்குத் தெரிந்ததுபோல் துவக்கு வைத்திருந்த பலருக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து, மண்வெட்டிக் காம்பைத் துவக்காகப் பிடித்துக் காட்டியபடியே சொன்னார்.

"தொவக்கு எப்பவும் நெறஞ்சுதான் இருக்குன்னு நெனைக்கணும். காலியா இருந்தாலும் நெறஞ்சது. கான் தாண்டுறப்ப, வேலி ஏறுறப்ப, வழுக்குப் பாறையில கால் வைக்கிறப்ப மடக்கித் தொறந்து ரெண்டு தோட்டாவையும் கையில எடுத்துறணும். விரலு வெளியில. வாய் தரையப் பாத்து, இல்லாட்டி வானத்தப் பாத்து. ஆளப் பாத்து ஒரு நாளும் இல்ல."

கான் என்றால் தேயிலை மலையில் மழைநீர் ஓட வெட்டிய வாய்க்கால். அதில் கால் சறுக்கிக் கையிலிருந்த துவக்கு வெடித்து ஒரு சின்ன துரை தன் பாதத்தையே சுட்டுக்கொண்டதை அவர் அப்பா பார்த்திருக்கிறார்.

"செடி அசைஞ்சா சுடக்கூடாது. சத்தம் கேட்டா சுடக்கூடாது. முழு உருப்படியும் கண்ணுல விழணும், அதுக்குப் பின்னால என்ன இருக்குன்னும் தெரியணும். பன்னின்னு நெனச்சு மனுசனச் சுட்ட கத இந்த மலையில எத்தன!"

மழைநாட்டுக்கு என்று தனிப் பாடம் ஒன்று. அந்தக் காலத் தோட்டாவின் உறை காகிதம். மூடுபனியில் ஈரம் இழுத்து ஊதிக்கொள்ளும். குழலுக்குள் போகாது, போனால் வராது. அதனால் பிஸ்கட் டின்னில் போட்டு, அடுப்பு இருக்கும் அறையின் எதிர்ச் சுவரில் வைப்பார்கள். அடுப்புக்கு மேலே வைப்பவன் மடையன் என்றார். சுட்டு வெடிக்காத தோட்டாவை உடனே திறந்து பார்க்கக் கூடாது. வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடியே பொறுமையாகக் காத்திருக்க வேண்டும், சில நேரம் மருந்து தாமதமாகப் பற்றும். துவக்கை வெளியே எடுக்கும் முன் குழலுக்குள் இலையோ சேறோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடைப்போடு சுட்டால் குழல் வாழைப்பூ மாதிரி விரியும்.

வெள்ளைத் துரை காலத்தில் சுட்ட உறைகளைப் பொறுக்கி வந்து பங்களாவிலேயே மறுபடி நிரப்புவார்களாம். நாய் பிடித்துப் போன தாத்தாவின் இன்னொரு வேலை, வெற்று உறைகளை ஒன்று விடாமல் எண்ணிக் கொண்டுவருவது. நிரப்பும் மேசைப் பக்கம் மட்டும் அவரை விடவில்லை. "அது தராசு வேல. கருமருந்துக் கொழாயில புகையில்லா மருந்தப் போட்டா முடிஞ்சுது. கணக்குத் தெரிஞ்சவனே ஒரு நாள் தப்புவான்" என்றார் மாமா. கிழக்கே காட்டோர ஊர்களில் இடியன் துவக்கு வைத்திருப்பவர்கள் குத்துமதிப்பாக மருந்தை இடித்துக் கண்ணையும் விரலையும் இழந்ததை அவர் பார்த்திருக்கிறார். அதைவிடக் கொடியது கட்டுத்துவக்கு: மிருகம் போகும் தடத்தில் கயிறு கட்டி, இடறினால் வெடிக்க வைப்பது. பன்றியின் நெஞ்சு உயரம் மனிதனின் தொடை உயரம். இலங்கை ஆஸ்பத்திரிகளுக்கு இந்தக் காயத்தோடு வருகிறவர்களுக்குக் காலில்தான் பெரும்பாலும் அடி.

"பங்களாத் தொவக்கு இப்ப எங்க மாமா?" என்று கேட்டேன்.

1988, 89 ஆயுதக் கிளர்ச்சியின் குழப்பக் காலத்தில் ஒரு ராத்திரி முகத்தை மூடிய பொடியன்கள் வந்தார்கள். அலுமாரிச் சாவியைக் கேட்டார்கள். சாவி துரையிடம், துரை கொழும்பில். மாமாவை முழங்காலில் நிற்க வைத்து அலுமாரியை உடைத்தார்கள். அந்தக் காலத்தில் நாட்டில் எத்தனையோ வீடுகளில் சொட்கன்கள் இப்படித்தான் போயின. விடிந்ததும் போலீஸ் வந்து அதே திண்ணையில் மாமாவை மறுபடி முழங்காலில் நிற்க வைத்தது. நீதான் வழி காட்டினாய் என்று இரண்டு நாள் விசாரணை. இதைச் சொல்லும்போது மண்வெட்டிக் காம்பைக் கீழே வைத்துவிட்டார். அதற்கப்புறம் அன்று துவக்குப் பேச்சு எடுக்கவில்லை.

இரண்டாம் இரவு பன்றிகள் வந்தன.

லயத்துக்குப் பின்னால், தோட்டம் பயன்படுத்தாமல் விட்ட சரிவில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் வத்தாளைக் கிழங்கும் மரவள்ளியும் சோளமும் போட்டிருக்கின்றன. நாள் சம்பளம் போதாத வீடுகளுக்கு அந்தக் கிழங்குதான் மாசக் கடைசி. பதினொரு மணி இருக்கும். முதலில் நாய்கள், அப்புறம் நிலத்தைக் கிளறும் சத்தம். மாமா எழுந்திருக்கும் முன்னே அடுத்த காம்பராவில் தகரம் ஒலித்தது. பிறகு அதற்கடுத்தது. ஒரு நிமிஷத்தில் லயம் முழுக்கத் தகரம். பெண்களும் பிள்ளைகளும் 'ஓ ஓ'வென்று குரல் கொடுக்க, டோர்ச் வெளிச்சங்கள் சரிவில் அலைந்தன. இதே மாகாணத்தின் தென்கோடியில் கதிர்காமம் இருக்கிறது. தினைப்புனத்துப் பரணில் நின்று கவண் வீசிக் கிளி ஓட்டிய வள்ளியின் ஊர். புனம் காக்கும் பெண்ணின் குரலை நான் கதையில்தான் அறிந்திருந்தேன். அன்றைக்குக் காதால் கேட்டேன்.

அந்தச் சத்தம் அடங்கியபின் இரண்டு இளைஞர்கள் சரிவின் ஓரத்தில் குனிந்து எதையோ சரிபார்த்துவிட்டு வந்தார்கள். கேபிள் கம்பியில் போட்ட சுருக்கு. மாமா சத்தம் போட்டார். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் தோட்டத்தில் இப்படி ஒரு சுருக்கில் கருஞ்சிறுத்தை ஒன்று கழுத்து மாட்டி, சிகிச்சைக்கு உடவளவைக்குக் கொண்டுபோயும் பிழைக்காமல் செத்தது. இந்த மலைகளில் கருஞ்சிறுத்தை கண்ணில் படுவதே அபூர்வம். "புலி மாட்டினா நம்மதான் உள்ள போகணும். எடுத்துருங்கடா" என்றார். சுருக்கு வைத்தவர்களில் ஒருவன் அமைதியாகக் கேட்டான்: "அப்ப பன்னிக்கு என்ன வழி மாமா?"

என் பக்கம் திரும்பினார்கள். எங்கள் ஊரில் என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்ததைச் சொன்னேன்: காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது, ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விடலாம், மூன்றுக்கு அப்பால் வனத்துறை சுடலாம். கேரளத்தில் 2022லிருந்து பஞ்சாயத்துத் தலைவரே உரிமம் உள்ளவரை வைத்துச் சுட உத்தரவு கொடுக்கலாம் என்றும் சொன்னேன். மாமா கவனமாகக் கேட்டார்.

"தலைவர எழுதச் சொல்ற ஊரா? நல்லதுதான். எங்க லயத்துக்கு யாரு தலைவரு?"

பங்களா துரை காலையில் வருவார், கிராம சேவகரிடம் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். போன வருஷமும் எழுதினோம் என்றார் இன்னொருவர். இளைஞர்கள் போய்ச் சுருக்கை அவிழ்த்து வந்தார்கள். கேள்வி கேட்டவன் கம்பியைச் சுற்றி மாமா கையில் கொடுத்தபோது அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

விடிந்ததும் சரிவுக்குப் போனோம். நான்கு வீட்டுப் பாத்தி உழுததுபோல் கிடந்தது. சோளத் தட்டைகள் முறிந்து, வத்தாளைக் கொடிகள் வேர் மேலே பார்க்க. அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பன்றி பாதி கடித்து விட்ட கிழங்குகளில் நல்ல பாதியைக் கத்தியால் அரிந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். கடிபடாத நான்கைத் தனியே எடுத்து, மண்ணைத் தட்டி, என் பையில் வைத்தார். வேண்டாம் என்றேன்.

"ஒங்க பாட்டி பொறந்த மண்ணு. கொண்டு போ" என்றார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கீழே லயத்து வாசலில் ஒரு சிறுவன், இரவில் நசுங்கிய தகரத்தைக் கல்லில் வைத்துத் தட்டி நேராக்கிக்கொண்டிருந்தான்.